கணினி படுத்தால் கட்டுரை எழும்

அரசு அலுவலகத்தில் கணினி நுழைந்தால் எழுத்தர்களுக்கு வேலை போய்விடும் என்று 1980களில் கொடி பிடித்தார்கள். எழுத்தர்கள் பத்திரமாகத்தான் இருந்தார்கள். கூடுதலாகச் சில பேராசிரியர்களுக்கும் பிழைப்பு கிடைத்தது.

அப்போதெல்லாம் கணினி அறைதான் கருவறை. செருப்பை வெளியே விட வேண்டும். ஆயுத பூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். மற்ற நாளெல்லாம் பூப்போட்ட உறை. 1976இல் பிறந்த தேசியத் தகவலியல் மையம் மாவட்டம் மாவட்டமாகச் செயற்கைக்கோள் தட்டு மாட்டியது. தட்டு வானத்தைப் பார்த்தது. கோப்பு வழக்கம்போலப் பியூன் வருகிறாரா என்று பார்த்தது.

இந்தக் கூத்தை அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலிருந்து ஆராய்ந்தவர் சுபாஷ் பட்நாகர். மான்செஸ்டரிலிருந்து ரிச்சர்ட் ஹீக்ஸ். 2003இல் ஹீக்ஸ் ஒரு மார்க் ஷீட் போட்டார். வளரும் நாடுகளின் மின்னாளுமைத் திட்டங்களில் சுமார் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 அரைகுறை, 15தான் வெற்றி. பையன் 15 வாங்கினால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். அரசு வாங்கினால் இரண்டாம் கட்டத்துக்கு நிதி ஒதுக்குவார்கள்.

திட்டம் போட்டவர் கற்பனையில் இருக்கும் ஆபீசும் நிஜ ஆபீசும் ஏழு விஷயங்களில் ஒட்டுவதில்லை என்றார் ஹீக்ஸ்: தகவல், தொழில்நுட்பம், நடைமுறை, நோக்கம், ஆள், நிர்வாகம், கடைசியாகக் காசும் நேரமும். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவருக்கு இது முன்பே தெரியும். என்ன, அவர் அடிக்குறிப்பு போடமாட்டார்.

மதுரைப் பக்கம் நம் மேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2001இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்று பெரிய சம்பந்தமே கூடியது. வருமானச் சான்றிதழுக்குக் கிராமத்துக் கணினி மையத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம், பஸ் ஏற வேண்டாம். ஜனங்களுக்குப் பயன்பட்டது. ஏறக்குறைய ஒரே வருஷத்தில் அந்தச் சேவை படுத்துவிட்டது. மேலிடத்து அக்கறை நீடிக்கவில்லை, ஆபீஸ் வழக்கமாகவும் அது ஊன்றவில்லை என்று ஆய்வாளர்கள் ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் 2006இல் எழுதினார்கள். சேவைக்கு ஆயுசு ஒரு வருஷம்; கட்டுரை இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது.

இப்போது அந்தமானில் உள்ள லாங் ஐலண்ட் தீவுக்கு முறை வந்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று, டெல்லியில் இருந்தபடியே காணொலியில், சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளைப் பிரதமர் திறந்து வைத்தார். சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து ஏழு இடங்கள். அதில் லாங் ஐலண்டும் ஒன்று. (போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது, அதற்குக் கேபிள் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை.) அதுவரை செயற்கைக்கோள் தயவில் இருந்த தீவுகளுக்கு நொடிக்கு இருநூறு கிகாபிட் கொள்ளளவு. தரவு கண்ணிமைக்கும் நேரத்தில் கரையேறிவிடும். மனிதர் போக வேண்டுமென்றால் ரங்கத் பக்கம் யெரட்டா துறைக்குப் போய்ப் படகு பிடிக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் கிடையாது.

ஹீக்ஸின் ஏழில் தொழில்நுட்பத்துக்கு இங்கே தாராளமாக மார்க் போடலாம். மிச்சம் ஆறையும் திருத்த ஒரு பி.எச்டி. மாணவர் தேவை. நீச்சல் தெரிந்திருந்தால் முன்னுரிமை.