சாம்பார் ரசமாகுமா?

கேள்வி: செல்போனில் எடுத்த கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், பழைய ஃபிலிம் படம் மாதிரி வரவில்லையே! ஜெராக்ஸ் மாதிரி இருக்கிறதே, ஏன்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மிளகாய்ப்பொடி போடாவிட்டால் சாம்பார் ரசமாகிவிடுமா? நிறத்தை மொத்தமாக உறிஞ்சினால் சிவப்புப் புடவையும் வாழையிலையும் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே கூட்டிக் குறையுங்கள். நீலத்தைக் குறைத்தால் வானம் கறுத்து, மேகம் பளிச்சென்று எழும்பும். 1927-ல் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், லென்ஸுக்கு முன் சிவப்பு ஃபில்டர் மாட்டி, ஹாஃப் டோம் பாறைக்குப் பின்னால் வானத்தை இருட்டாக்கியது இப்படித்தான்.

இன்னும் பழசாக வேண்டுமா? சிவப்பை அடியோடு குறையுங்கள். அந்தக் கால ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு என்றால் கண் தெரியாது. செக்கச் சிவந்த உதடும் கறுத்துத்தான் விழும்.

அடுத்தது, படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளி (கிரெயின்). ஃபிலிமில் அது அசல் வெள்ளித் துணுக்கு! 1954-ல் 35 மி.மீ. சுருளாக வந்த கோடக் ட்ரை-எக்ஸ் இதற்குப் பேர்போனது. நடுத்தரச் சாம்பலில்தான் புள்ளி நன்றாகத் தெரியும். படம் முழுக்க ஒரே சீராகத் தூவினால் ரவை உப்புமாதான்.

கீறலும் தூசியும் மட்டும் வேண்டாம். அவை விழாமல் காக்க ஸ்டுடியோக்காரர்கள் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. அதையே நீங்கள் ஆப்புக்குக் காசு கட்டி வாங்கினால், சுவரில் படமாகத் தொங்கும் அவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்!