என்ன பார்க்கிங், எந்த பார்க்கிங்: புதுவை வினாக்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் ஒரு சிக்கலைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. 'இங்' என்று முடியும் வினைச்சொல் வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் காத்திருக்கிறது. நடுவில் 'வாட்' போடுவதா, 'விச்' போடுவதா, 'வாட்டெவர்' போடுவதா? விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குச் சரக்கு இருந்தால் விச், கணக்கில்லாமல் கிடந்தால் வாட், எதுவானாலும் சரி என்றால் வாட்டெவர் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பு புதுச்சேரியில் செல்லுமா என்று பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம்: கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே அண்ணா சாலை, இடையில் பெரிய வாய்க்கால். நிதியுதவி: இல்லை.

முதல் கண்டுபிடிப்பு, 'இங்' நம்மூருக்கு வந்ததும் வினைத்தொழிலை விட்டுவிட்டது என்பது. பார்க்கிங், ஷூட்டிங், டைமிங், மேட்சிங், கோச்சிங் எல்லாம் இங்கே பெயர்ச்சொற்கள். வேலை நடக்க வேண்டுமென்றால் கூடவே 'பண்ணு' என்று ஓர் ஆளைப் போட்டாக வேண்டும். ஆங்கிலத்தில் வினாச்சொல்லுக்கு முன்னால் நின்ற 'இங்', தமிழில் அதற்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறது: என்ன ஷூட்டிங்? எந்த கோச்சிங்? எனவே ஆங்கிலேயரின் சிக்கல் நமக்குத் தலைகீழாக வாய்த்திருக்கிறது.

இரண்டாவது, எண்ணிக்கை விதி இவ்வூரில் எடுபடாது. காரணம், இங்கே பொருளை எண்ணவே முடியாது. துய்ப்ளேக்ஸ் வீதியும் நேரு வீதியும் ஒன்றுதான். புஸ்ஸி வீதியைத் தேடி வந்தவருக்கு லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பலகை காட்டும்; கேட்டால் இரண்டும் ஒரே வீதி என்பார்கள். மறுபக்கம், 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் கூபேரின் பெயர் கடற்கரைச் சாலைக்கும் உண்டு, பெரிய மார்க்கெட்டுக்கும் உண்டு. "கூபேர் போகணும்" என்றால் ஆட்டோக்காரர் "எந்த கூபேர்ண்ணே?" என்று கேட்கத்தான் செய்வார். ஒன்று இரண்டாகவும் இரண்டு ஒன்றாகவும் இருக்கிற ஊரில் விரல்விட்டு எண்ணி விச் போடுவது எப்படி? மிஷன் வீதியில் கலவைக் கல்லூரி இருக்கிறது. "எந்தக் கல்லூரி?" என்று கேட்டுக்கொண்டு போனால், அது மேல்நிலைப் பள்ளி.

அப்படியானால் என்னவையும் எந்தவையும் பிரிப்பது எது? கோபம்தான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. சான்று, கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்கு அங்கே வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். நடப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்த நேரம் பார்த்து வெளியூர்க் கார் ஒன்று குறுக்கு வீதியின் வாயில் மூக்கை நுழைத்து நிற்கும். சிவப்புத் தொப்பிக் காவலர் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, "என்ன பார்க்கிங் இது?" என்பார். கவனிக்க: அவர் தகவல் எதுவும் கேட்கவில்லை. காரில் இருப்பவர் கண்ணாடியை இறக்கி, "எந்த பார்க்கிங்ல விடணும் சார்?" என்பார். அதே பெயர்ச்சொல், அதே வண்டி. 'என்ன' திட்டுகிறது, 'எந்த' வழி கேட்கிறது. "என்ன விலை?" என்று தொடங்கியவர், விலையைச் சொன்னதும் "என்ன விலை இது!" என்று முடிப்பதையும் இங்கே ஒப்புநோக்கலாம்.

புணர்ச்சி விதியும் இதற்கு ஒத்துழைக்கிறது. 'எந்த' வினாத்திரிபு, அதன்பின் வல்லினம் மிகும்: எந்தக் கடை, எந்தத் தெரு. 'என்ன' வந்தால் மிகாது: என்ன கடை, என்ன தெரு. திட்டுகிறவருக்கு ஒற்று தேவையில்லை, குரலே போதும். வழி கேட்கிறவர்தான் ஓர் எழுத்து அதிகம் செலவழிக்கிறார். அதிலும் புதுவைக்காரர்கள் கெட்டி: பலகையில் பெரும்பாலும் 'வீதி' என்று எழுதி, எந்த வீதி என்று ஒற்றை மிச்சம் பிடித்துவிட்டார்கள். இலக்கணத்துக்குப் பயந்து 'எந்தப் பஸ்' என்று எழுதினால் படிப்பவர் வாயில் பஸ் வேறு ஏதோவாகிவிடுகிறது. இதழ்களில் பிழை திருத்துவோர் இதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்ப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. பெயருக்கு முன்னால் என்னவுக்கும் எந்தவுக்கும் சேர்த்து 'கெல்' ஒன்றே. பெயர் ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்து எழுத்தில் ஒரு வாலைச் சேர்ப்பார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். 1954 நவம்பர் 1 அன்று அவர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றிவிட்டுப் போனபோது லிசே பள்ளியை விட்டுப்போனார்கள், கொம்யூன் என்ற உள்ளாட்சியை விட்டுப்போனார்கள், சொல்தா எனப்படும் படைவீரர்களின் பென்ஷனை விட்டுப்போனார்கள். கெல்லை மட்டும் எடுத்துப்போய்விட்டார்கள்.

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நன்னூல் சொல்கிறது. அதை எழுதிய பவணந்தியார் புதுவையில் காலை டிபன் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. சாப்பிட்டிருந்தால் எடுத்துக்காட்டுக்கு அலைந்திருக்க மாட்டார். "என்ன டிபன் இருக்கு?" என்பது அறியா வினா. சர்வர் மூச்சுவிடாமல் பன்னிரண்டு அயிட்டம் ஒப்பிப்பார். "பொங்கல்" என்றால் "கிச்சடி சூடா இருக்கு சார்" என்பார். இது இனமொழி விடை, பொங்கல் தீர்ந்துவிட்டது என்று பொருள். "எந்த சட்னி?" என்று அவர் கேட்பது மட்டும் எந்த வகையிலும் அடங்காது. நாம் எதைச் சொன்னாலும் தட்டில் விழுவது தேங்காய்ச் சட்னிதான்.

வாட்டெவருக்கு வருவோம். தமிழில் அது தனிச்சொல் அன்று. வினாச்சொல்லை முன்னால் வைத்து, கடைசியில் ஓர் 'உம்' சேர்த்தால் முடிந்தது. இதன் தலைமைப் பீடம் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட். "எந்தச் சட்டை எடுத்தாலும் நூறு, எந்தச் சட்டை எடுத்தாலும் நூறு!" குவியலுக்கு நடுவில் நின்று கத்துபவரிடம், பார்த்ததுமே பிடித்துப்போன ஒரு சட்டையை உருவி நீட்டுங்கள். "அது வேற ரேட்டுக்கா" என்பார். உம்மைக்கு உட்பட்ட அனைத்திலும் நமக்குப் பிடித்தது அடங்காது என்பதை எந்த இலக்கண ஆசிரியரும் இதுவரை விதியாக எழுதவில்லை; எழுத வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரைக்குப் போவதென்றால் 6 மணிக்கு முன்பே, "எந்த வீதியில வண்டி விடலாம்?" என்று யாரையாவது கேட்டுவிடுங்கள். நீங்கள் 'எந்த' கேட்கவில்லையென்றால் காவலர்கள் 'என்ன' கேட்பார்கள். அதற்கு ரசீதும் தருவார்கள்.