கம் எங்கே, கோ எங்கே

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் முதல் வாரமே போர்டில் ஏறிவிடும் விதி: இங்கே என்றால் ‘கம்’, அங்கே என்றால் ‘கோ’. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலாளர் போனில் கூப்பிட்டதும், விதி தெரிந்த பிள்ளை ‘ஐ ஆம் கோயிங் டு யுவர் கேபின், சார்’ என்கிறது. அவரோ அந்தக் கேபினில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கு நாம் நகர்ந்தாலும் ஆங்கிலத்தில் ‘கம்’தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்கு நமக்குப் புதிதே அல்ல. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே பிரித்து வைத்துவிட்டது. ‘உங்க வீட்டுக்கு வர்றேன்’ என்று பிசகாமல் சொல்கிற அதே வாய்தான், ஃபீஸ் கட்டியபின் தடுமாறுகிறது.

‘பிரிங்’, ‘டேக்’ சமாசாரமும் இதேதான்: கொண்டு வா, கொண்டு போ. தப்பினால் ரொம்பக் கூச வேண்டாம். மற்றவர்கள் ‘டேக்’ என்னும் இடத்தில் அயர்லாந்துக்காரர்கள் சாவகாசமாக ‘பிரிங்’ என்பார்கள்.

‘கோ’வோடு ‘ஆஃப்’ சேரும்போதுதான் விபரீதம். லைட் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அலறியது. பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டது. மூன்றும் எங்கும் போகவில்லை. இதற்கு விதி கேட்டு வாத்தியாரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவரிடம் கிடையாது. மனப்பாடம் செய்யுங்கள்.