அடுத்தவர் காசில் வெளிச்சம்

ஐரோப்பாவில் கணினி வேலை பார்க்கும் நம்மவர்களில் ஒரு சாரார், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆபீசில் உடம்பால் மட்டுமே இருப்பார்கள். மேசைக்கு அடியில் முதுகுப்பை தயாராக இருக்கும். மேனேஜர் எது கேட்டாலும் ‘சரி’ என்பார்கள். எதற்குச் சரி சொன்னோம் என்பது திங்கட்கிழமை தெரிந்தால் போதும். ராத்திரி மலிவு விமானத்தில் ஏறி ஏதாவது ஒரு பழைய ஊரில் இறங்க வேண்டும், அங்கே இருக்கும் மாதா கோவில்களையெல்லாம் படம் பிடிக்க வேண்டும், ஞாயிறு இரவு திரும்பிவிட வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை நடப்பதெல்லாம் இதற்கான செலவுக்கு வழி பண்ணுவது.

இவர்கள் கத்தோலிக்கராக இருந்தாக வேண்டும் என்றில்லை. கும்பகோணத்துச் சைவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. எந்தக் கோவில் வாசலிலும் செருப்பை எங்கே விடுவது என்று ஒரு கணம் தடுமாறுவார்கள், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். பக்தி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வைட் ஆங்கிள் லென்ஸ் மட்டும் கட்டாயம் வேண்டும்.

நான் கூடப் போய்ப் பார்த்த அண்ணன் தூத்துக்குடிக்காரர், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். போன ஊர் ரோமாபுரி. விமானத்தில் கைப்பை இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஓர் இரும்புக் கூண்டு வைத்து அளக்கிறார்கள் அல்லவா, அதற்கு அண்ணனிடம் மருந்து இருந்தது. லென்ஸ்களை ஜாக்கெட் பைகளிலும், சார்ஜர்களைக் கால்சட்டைப் பைகளிலும், குட்டி முக்காலியை இடது கைச் சட்டைக்குள்ளும் செருகிக்கொண்டார். ஏறும்போது தொண்ணூறு கிலோவுக்குக் குறையாமல் தெரிந்த மனிதர், இறங்கி ஜாக்கெட்டைக் கழற்றியதும் இளைத்துப்போனார். மதினி இதையெல்லாம் பார்க்காதவள் போல நாலடி தள்ளியே நடந்து வந்தாள். இந்த வகை மனிதர்களின் மனைவிமார் எல்லோருக்கும் அந்த நாலடி உண்டு.

ரோமாபுரியில் கோவில்கள் 900க்கு மேல். அண்ணன் எக்செல்லில் அட்டவணை போட்டிருந்தார்: ஒரு கோவிலுக்கு இருபது நிமிடம், நடைக்கு எட்டு நிமிடம், சாப்பாட்டுக்குப் பதினைந்து. அட்டவணையில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிருந்தது. பெரிய பசிலிக்காக்களைத் தவிர அந்த ஊர்க் கோவில்களில் பெரும்பாலானவற்றை மத்தியானம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மூன்றரை, நாலு ஆகும். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவது நம் நாட்டில் பிறந்தவனுக்குப் புதிதா? அண்ணன் மட்டும் பூட்டிய கதவை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு டூரிஸ்ட் வர்ற ஊரில் இப்படியா?” என்றார். மதினி அந்த மூன்றரை மணி நேரமும் நிம்மதியாக உட்கார்ந்து ஜெலாட்டோ சாப்பிட்டாள்.

பேதுரு பேராலயத்தில் முக்காலிக்கு அனுமதி இல்லை. குவிமாடத்துக்கு 551 படி. லிஃப்டில் போனாலும் அதற்கப்புறம் 320 படி ஏறியாக வேண்டும். அண்ணன் ஏறினார். லாத்தரன் அருளப்பர் கோவில்தான் ரோமாபுரியின் ஆயரான போப்பாண்டவருக்குக் கதீட்ரல், பேதுரு கோவில் அல்ல என்று சொன்னேன். “அதான் பெரிசைப் பார்த்தாச்சே” என்று அந்த வரியை அட்டவணையில் அழித்தார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படமே எடுக்கக்கூடாது. அந்தக் கூரை ஓவியங்களைச் சுத்தம் செய்யும் செலவை ஒரு ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்று, பதிலுக்குப் படமெடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது; அந்த ஒப்பந்தம் முடிந்தும் தடை நீங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் காவலர் “நோ ஃபோட்டோ!” என்று போடும் சத்தத்தில் மைக்கலாஞ்சலோவின் தீர்வை நாளே கொஞ்சம் அடங்கித் தெரிந்தது. அண்ணன் அங்கிருந்து ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். எடுக்கக்கூடாத இடத்தில் என்ன பார்ப்பது?

இந்தக் குலத்தின் முழுச் சுபாவத்தையும் பார்க்க வேண்டுமானால் சான் லூயிஜி தேய் பிரான்சேசி கோவிலுக்குப் போக வேண்டும். ரோமாபுரியில் பிரெஞ்சுக்காரர்களின் கோவில் அது. இடது ஓரத்தில் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று மத்தேயு படங்கள், 1600ஐ ஒட்டிய வேலை. சிற்றாலயம் இருட்டு. பக்கத்தில் ஒரு பெட்டி. காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். நாங்கள் போனபோது அந்த இருட்டுக்கு முன்னால் முப்பது பேர் கேமராவோடு நின்றார்கள். கொரியர், ஸ்பானியர், ஜெர்மானியர் எல்லோருமே யாரோ ஒரு புண்ணியவான் காசு போடுவான் என்று காத்திருந்தார்கள். கழுத்தில் தொங்குவதெல்லாம் மூவாயிரம் யூரோ பெறும். கையில் ஒரு யூரோ எடுக்க ஆள் இல்லை.

அண்ணன் இந்தக் கலையில் கைதேர்ந்தவர். காசுப்பையைத் திறந்து, உள்ளே விரலை விட்டு அளைந்து, சில்லறை இல்லாத முகத்தோடு மூடுவார். பெட்டியின் பக்கம் ஒரு அடி எடுத்து வைப்பார். அதைப் பார்த்து மற்றவர்கள் கேமராவைத் தூக்கியதும் ஐஎஸ்ஓவைத் திருத்துகிறவர் போல நின்றுவிடுவார். எதிரே இருட்டுக்குள், இடது சுவரில், வரி வசூலிக்கிற மத்தேயு காசு எண்ணும் மேசையைச் சுற்றி ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது, படம் தெரிந்தால்தானே! வலது புறத்திலிருந்து இயேசு கையை நீட்டுகிறார், அந்தக் கையோடு சேர்ந்து வெளிச்சமும் அறைக்குள் வருகிறது. அதுதான் அந்த ஓவியத்தின் விஷயமே. அதைப் பார்க்க வந்தவர்கள் ஒரு யூரோ வெளிச்சத்துக்கு நாட்டுக்கு நாடு கண்ணால் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மதினிதான் போய்க் காசு போட்டாள். படத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். விளக்கு எரிந்தது. முப்பது கேமராவும் படபடவென்று அடித்தன. மதினி கையைக் கட்டிக்கொண்டு மேசையிலிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அண்ணன் அந்த நேரம் பார்த்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். பொருத்தி முடித்து நிமிர்ந்தபோது விளக்கு அணைந்தது. “ஏட்டி, இன்னொரு காசு இருக்கா?” என்றார். மதினி இல்லை என்றாள். அவள் பையில் நிறையவே சில்லறை இருந்ததை நான் பார்த்தேன்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இஞ்ஞாசியார் கோவில். கட்டும்போது திட்டத்தில் குவிமாடம் இருந்தது, கட்டவே இல்லை. சேசு சபைச் சகோதரர் அந்த்ரேயா பொட்சோ 1685இல் ஒரு பெரிய தட்டைத் துணியில் குவிமாடத்தை வரைந்து அந்த இடத்தில் மாட்டிவிட்டார். தரையில் குறித்த வட்டத்தில் நின்று அண்ணாந்தால் மேலே நிஜக் குவிமாடம் போலக் குழிந்து தெரியும். பத்தடி நகர்ந்தால் சரிந்துவிடும். நடுக்கூடத்துக் கூரை ஓவியமும் அவர் கைவேலைதான்: தூண்களும் வானமும் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, கூரையையே காணாமல் அடித்திருக்கிறார். அதைக் கழுத்து வலிக்காமல் பார்க்கக் கீழே ஒரு சாய்ந்த கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் தன் முகமும் பின்னால் சொர்க்கமும் சேர்ந்து விழுகிற படத்துக்குக் கதவு வரை வரிசை நிற்கிறது. தலையைத் தூக்கினால் அதே ஓவியம் இலவசம். வரிசையில் ஒருவர்கூடத் தூக்கவில்லை. போனில் முந்தைய கோவிலின் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் நின்றார். அன்று இரவு விடுதியில் அந்தக் குவிமாடம் தரையிலிருந்து எத்தனை அடி உயரம், உள்ளே வெளிச்சம் எந்தச் சாளரம் வழியாக வருகிறது என்றெல்லாம் எங்களுக்கு விளக்கினார். அங்கே சாளரமும் இல்லை, குவிமாடமும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதினிக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தா மரியா மஜ்ஜோரே. இது அட்டவணையில் இல்லை, அண்ணனின் அம்மா போட்ட உத்தரவு. தூத்துக்குடிப் பனிமய மாதாவின் கதை பிறந்த இடம் இதுதான். நாலாம் நூற்றாண்டில், ஆகஸ்ட் வெயிலில், ராத்திரியோடு ராத்திரியாக எஸ்குயிலின் குன்றின் மேல் பனி பெய்து மாதா தனக்குக் கோவில் கட்ட இடம் காட்டினாள் என்பது மரபு. இன்றும் ஆகஸ்ட் 5 அன்று இங்கே கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ் தூவுகிறார்கள். அதே நாளில் தூத்துக்குடியில் திருவிழா. 2025 முதல் போப்பாண்டவர் பிரான்சிஸின் கல்லறையும் இங்கேதான், அதற்குத் தனி வரிசை. “அங்க ஒரு பூச கண்டுட்டு வா” என்று அம்மா சொல்லியிருந்தாள். பூசை நடந்துகொண்டுதான் இருந்தது. படமெடுக்கிறவருக்குப் பூசையைப் போல இடைஞ்சல் வேறு கிடையாது. நடுக்கூடத்துக்குக் கயிறு கட்டிவிடுவார்கள், பீடத்தை மறைத்துக்கொண்டு ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். அண்ணன் பின்தூணுக்குப் பக்கத்தில் கேமராவை நெஞ்சோடு அணைத்து, சத்தம் வராத ஷட்டரில், பக்தியான முகத்தோடு ஐந்தாம் நூற்றாண்டு மொசைக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். நன்மை வாங்கப் போகிறார் என்று நினைத்து ஒரு கிழவி வழிவிட்டாள். அந்த இடைவெளியில் இன்னும் நாலு எடுத்தார்.

மிச்சமிருந்தது ஜெசு கோவில். சேசு சபையின் தாய்க்கோவில். அங்கே தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரு வேடிக்கை உண்டு: இஞ்ஞாசியார் பீடத்துப் பெரிய ஓவியம், இசையும் விளக்குமாக மெதுவாகக் கீழே இறங்கும்; பின்னால் மாடத்தில் மறைந்திருக்கும் இஞ்ஞாசியார் சிலை பளபளவென்று வெளிப்படும். முதலில் இருந்த வெள்ளிச் சிலையை நெப்போலியன் கேட்ட தண்டத்தைக் கட்ட உருக்கிவிட்டார்கள். இப்போது நிற்பது பிறகு செய்தது. இரவு விமானத்துக்கு முன்னால் இதைப் பிடித்துவிடலாம் என்று அண்ணன் நாலரைக்கே இடம் போட்டார். நேர் எதிர்ச் சுவர்தான் நல்ல கோணம். அங்கே இருந்த கிராதியில் சாய்ந்து, பையை அடியில் வைத்து, வீடியோவை ஓடவிட்டார். எல்லாம் சரியாக நடந்தது. ஓவியம் இறங்கியது, சிலை மின்னியது, கூட்டம் கை தட்டியது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுத் தன் முகத்தைக் காட்டினார். தூத்துக்குடியில் அப்போது இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது.

அம்மா மகனைப் பார்க்கவில்லை. “எய்யா, ஒனக்குப் பின்னால இருக்கது சவேரியார் கையில்லா?”

அண்ணன் திரும்பினார். ஜெசு கோவிலில் இஞ்ஞாசியாருக்கு நேர் எதிரே இருப்பது சவேரியார் பீடம். அவர் உடம்பு கோவாவில் இருக்கிறது. வலது முன்கையை 1614இல் அறுத்து ரோமாபுரிக்குக் கொண்டுவந்து இந்தப் பீடத்தில் பேழைக்குள் வைத்தார்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துபோகிறது என்று சவேரியார் கடிதத்தில் எழுதிய கை. அண்ணனின் பாட்டனுக்குப் பாட்டனுக்கெல்லாம் பாட்டன் தலையிலும் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருந்தார், பை வேறு அடியில்.

“தெரியும்மா, அதான் காட்டலாம்னு...” என்று ஆரம்பித்தார்.

“காட்டு அப்ப. போன ஆட்டாதல. நான் செவமால எடுத்துட்டு வாரேன்.”

டாக்சி வந்துவிடும், விமானம் போய்விடும் என்று அண்ணன் கெஞ்சினார். “ப்ளேன் நாளைக்கும் வரும், கை வருமா?” என்றாள் அம்மா. (வரும் என்பது வேறு விஷயம். 2018இல் அந்தக் கை கனடாவுக்குப் போனபோது விமானத்தில் அதற்கென்று தனி இருக்கை போட்டார்கள். அண்ணனின் முக்காலிக்குக் கிடைக்காத மரியாதை.) அதற்குள் திரையில் ஒவ்வொரு முகமாகச் சேர்ந்தது. சின்னம்மா வந்தாள், அவள் பேத்தி வந்தாள், மாடி வீட்டு அக்கா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் தேவரகசியம் ஆரம்பமானது. ஸ்பீக்கர் சத்தத்துக்குக் கோவில் காவலர் வந்தார். போனைப் பார்த்தார், பேழையைப் பார்த்தார், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும்படி கையால் காட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மதினி வாசலுக்குப் போய் டாக்சிக்காரரிடம் விரல்களைக் காட்டிப் பேசிவிட்டு வந்தாள். அண்ணன் கேமராக்களைத் தரையில் வைத்துவிட்டு, போனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்; தோள் நடுங்கியபோது, “மேல இன்னும் கொஞ்சம்ல, கண்ணாடில லைட் அடிக்கி” என்று தூத்துக்குடியிலிருந்து குரல் வந்தது.

மூன்றாம் தேவரகசியத்துக்கு நடுவில் மாடி வீட்டு அக்கா, இந்த வாய்ப்பு இனிமேல் கிடைக்காது என்று கண்டு, அம்மா கையிலிருந்து போனை வாங்கி, தன் முட்டிவலியைப் பற்றிச் சவேரியாரிடம் நேரடியாகவே பேசத் தொடங்கினாள்.