வேட்டி வெளிச்சம்

கல்யாண போட்டோகிராபரின் பிளாஷ் தலையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி. மண்டபத்துக்குள் அது சரிதான்: சிதறும் ஒளி கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி முகத்தை மிருதுவாக்கும். அதே மூடியோடு கடற்கரைக்கும் கிளம்பிவிடுகிறார். அங்கே ஒளியைத் திருப்பி அனுப்பப் போவது யார், வங்காள விரிகுடாவா? பேட்டரிதான் கரைகிறது.

நிழலை மென்மையாக்குவது ஒளிமூலத்தின் அகலம். மூடியின் விலை அல்ல.

1956-இல் வெளியான ‘அபராஜிதோ’ படத்துக்காக ஸ்டுடியோவில் காசி வீட்டு முற்றம் போட்டார்கள். அதற்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து அதன்மேல் விளக்கடித்தார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. அசல் வான வெளிச்சம் போலவே இருந்தது.

மண்டபத்தில் வெள்ளை வேட்டிக்கா பஞ்சம்? சிக்கல் ஒன்றுதான்: பில்லில் ‘வேட்டி வாடகை’ என்று எழுதினால் சம்பந்தி ஒப்புக்கொள்ள மாட்டார்.