'சும்மாவே தர்றேன்' அண்ணன்

பிரிக்பீல்ட்ஸில் அந்த ஆறடி மீன்தொட்டியை இலவசமாக வாங்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. தொட்டி மட்டும் இன்னும் அண்ணன் வீட்டு ஹாலிலேயே இருக்கிறது.

"சும்மாவே தர்றேன் தம்பி, ஒரு காசு வேணாம். மீனு, மோட்டரு, ஸ்டாண்டு, லைட்டு எல்லாத்தையும் சேத்து எடுத்துக்க." துன் சம்பந்தன் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கை கழுவும் இடத்தில் இதைச் சொல்வார். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் செருப்பு மாட்டும்போதும் சொல்வார். கிள்ளானில் மகள் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். தொட்டிக்கு அங்கே இடமில்லை என்று மருமகன் சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் கம்மும். கேட்பவருக்கும் மனசு இளகி, "நான் எடுத்துக்கறேன் அண்ணே" என்று வந்துவிடும்.

உடனே கம்மிய குரல் தெளிந்துவிடும். "அப்ப சரி. ஞாயித்துக்கெழம வந்து வீட்டப் பாத்துடறேன்."

அப்படி ஒரு வீட்டுக்கு வந்தார். கையில் அளவு டேப், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு டார்ச் லைட். வாசலில் செருப்பைக் கழற்றியவர் வீட்டாரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். குனிந்து டைலைத் தட்டினார். "நீளம் ஆறடி, அகலமும் உயரமும் ரெண்டர ரெண்டர. தண்ணி மட்டுமே ஆயிரம் லிட்டருக்கு மேல. அதாவது ஒரு டன். கண்ணாடி, ஸ்டாண்டு, கல்லு தனி. கீழ பீம் எங்க ஓடுதுன்னு தெரியுமா?" தெரியாது. வீடு வாங்கி இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை. "கீழ் வீட்டுல யாரு?" ஒரு சீனக் கிழவி, தனியாக இருக்கிறார். "பாவம்," என்றார் அண்ணன், இடிந்து விழுந்ததை நேரில் பார்த்தவர் மாதிரி.

அடுத்து ஜன்னல். மேற்கு வெயில் எத்தனை மணிவரை விழும்? வெயில் பட்டால் பாசி பிடிக்கும். அடுத்து பிளக். இதே பாயிண்டில் ரைஸ் குக்கர் போடுவதுண்டா? அடுத்து அடுக்களை. குக்கர் விசில் எத்தனை? தொட்டியில் இருப்பது அரோவானா, திடுக்கிட்டால் துள்ளும். மூடி சரியாக இல்லாவிட்டால் காலையில் தரையில்தான் கிடக்கும். "பருப்ப சட்டியிலயே வேக வைக்கலாமே தங்கச்சி" என்று வீட்டுக்காரம்மாவுக்கு யோசனை சொன்னார்.

பிறகு மூக்கை உறிஞ்சினார். "சாம்பிராணி போடுவீங்களா?"

வெள்ளிக்கிழமை போடுவோம் என்றார்கள், பெருமையாக. அண்ணன் முகம் சுருங்கியது. "ஏர் பம்பு ரூம்ல இருக்கற காத்தைத்தானே இழுக்கும்? பொகையும் சேந்து தண்ணிக்குள்ள போகும். கொசு மருந்தும் அப்படித்தான்." கொஞ்ச நேரம் யோசித்தார். "சாமிய உள் ரூமுக்கு மாத்த முடியுமா?"

இப்படிக் கேட்ட அண்ணன் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர், வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்.

காப்பி வந்தது, குடித்தார். முறுக்கு வந்தது, தின்றார். எழுந்து, "நல்ல வீடுதான். யோசிச்சு சொல்றேன்" என்றார். அந்த யோசனை இன்னும் முடியவில்லை.

இப்படித்தான் எல்லோருக்கும். ஒருவர் வீட்டில் பேரப்பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள் என்று நின்றுபோனது. இன்னொருவர் வீட்டில் லிஃப்ட் சின்னது. 'இந்த மீன் விற்றால் எவ்வளவு வெள்ளி கிடைக்கும்' என்று கேட்ட பையனுக்குக் காப்பி குடிக்கும்வரைகூட ஆயுள் இல்லை.

எரிச்சல் என்னவென்றால், மனிதர் சொல்வதெல்லாம் சரி. ஆசிய அரோவானா மூன்றடிவரை வளரும், 20 வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். காட்டு உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ள மீன். பண்ணையில் வளர்த்ததற்கு உடம்பில் மைக்ரோசிப்பும் கையில் சான்றிதழும் வேண்டும். அந்தச் சான்றிதழைத் தன் கல்யாணப் பத்திரத்தோடு ஒரே ஃபைலில் வைத்திருக்கிறார். தொட்டியை மாற்றும்போது ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டால் குளோரின் அதிலிருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பிறகு மீனின் கழிவே அமோனியாவாக ஏறி மீனைக் கொல்லும். பஞ்சைப் பழைய தண்ணீரிலேயே நனைத்துக் கொண்டுபோக வேண்டும், கிளம்புமுன் மீனைப் பட்டினி போட வேண்டும். எல்லாம் சரிதான் அண்ணே.

ஆனால் என் மைத்துனர் சோபாவை விற்றுவிட்டாரே! தொட்டிக்கு இடம் வேண்டும் என்று அளந்து கொடுத்தவர் நீங்கள். லோரிக்கு முன்பணம் கட்டி, தூக்க நாலு பேரைப் பிடித்து, மழையில் உங்கள் வாசலில் நின்றபோது, "இன்னிக்கு அது சரியா சாப்பிடல, இன்னொரு நாள் பாக்கலாம்லா" என்று கதவைச் சாத்தியவர் நீங்கள். முன்பணம் திரும்பவில்லை. அந்தக் குடும்பம் இன்றும் பாய் விரித்துத்தான் டிவி பார்க்கிறது. கொடுக்க மனசில்லாதவர் கொடுக்க மனசில்லை என்று சொல்லலாம், யாரும் கோபிக்கப் போவதில்லை. தருகிறேன் தருகிறேன் என்று பேர் வாங்கிக்கொண்டே பொருளையும் வைத்திருப்பது, இரவல் கேட்டுத் திருப்பித் தராதவனைவிட மோசம். அவனாவது ஒருத்தரைத்தான் ஏமாற்றுகிறான்.

இதை நேரில் சொல்லத்தான் போனேன். அன்று வட்டாரத்தில் தண்ணீர் வெட்டு. ஹாலில் வரிசையாக ஏழெட்டு வாளி, எல்லாம் மீனுக்கு. அண்ணன் போத்தல் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரவைத்து, பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியின் பொன்னிற அரோவானாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முட்டைகளை ஆண்மீன்தான் வாயில் வைத்துக் காக்குமாம். குஞ்சு பொரித்து நீந்தும்வரை, ஏறக்குறைய 2 மாதம், வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடக்குமாம். வாயை மூடாமல் சொன்னார்.

திட்ட வந்தது தொண்டையிலேயே நின்றது. இந்த ஊரில் வேறு மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள். வீடு மாற்றுகிற ராத்திரியில் யாரையும் கேட்காமல், எந்த வீட்டையும் அளக்காமல், தொட்டியைப் பக்கத்து ஆற்றில் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய இக்கான் பண்டாராயா இன்று சுங்கை லங்காட்டில் கூட்டம் கூட்டமாகக் கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. தென்னமெரிக்க மீன்; இங்கே அதைத் தின்ன ஆளில்லை. தன்னார்வலர்கள் இறங்கி வாரி வாரிப் போட்டும் தீரவில்லை. அந்தக் கூட்டத்தில் அண்ணன் வீட்டு மீன் ஒன்றுகூட இல்லை. அதற்காக மட்டும் அவரைக் கும்பிடலாம்.

சோபாவுக்காகக் கும்பிட முடியாது.

உங்களிடமும் அவர் சொல்லுவார். கை கழுவும் இடத்திலேயே சொல்லுவார். வீட்டுக்குக் கூப்பிடுங்கள், காப்பி கொடுங்கள், மீனைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவ்வளவு தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் குறைவு. சோபாவை மட்டும் விற்காதீர்கள். லோரிக்கு முன்பணம் கட்டுவதாக இருந்தால், அதை அவர் கையாலேயே கட்டச் சொல்லுங்கள்.