மாடிப்படி நிலையாளர்: வெளி ஆன்டெனா இயலுக்கு ஒரு முன்னாய்வு

சிம் போடும் ரவுட்டருக்கு வெளி ஆன்டெனா மாட்டும் கலையை இதுவரை மின்னணுவியலில் தவறாகச் சேர்த்து வந்திருக்கிறார்கள். அதைக் குடும்பவியலுக்கு மீட்டுத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம்: தென்காசிப் பக்கம் மலை மறைக்கும் ஊர்களின் மொட்டைமாடிகள்.

முதலில் கால வரையறை. முற்காலம், 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தோடு தொடங்குகிறது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் நம் தென்கரை வீடுகளின் கம்பங்கள் கடலைப் பார்த்துத் திரும்பின. கம்பத்தின் உச்சியில் இருந்தது யாகி ஆன்டெனா. 1926இல் ஜப்பானின் செண்டாய் நகரில் அதற்காகப் பெரும்பாடு பட்டவர் உடா. பெயர் நிலைத்தது பேராசிரியர் யாகிக்கு. (முனைவர் பட்டம் பெற்றவர்கள் யாரும் இதற்கு வியக்க மாட்டார்கள்.) தொண்ணூறுகளில் கேபிள் வந்ததும் கம்பம் காக்கைகளின் அனுபோகத்துக்குப் போயிற்று. இது களப்பிரர் காலம். டவர் கிடைக்காத வீட்டில் 4ஜி ரவுட்டர் நுழைந்த நாள் முதல் மறுமலர்ச்சி.

இத்தனை காலத்திலும் மாறாதது மூவர் அமைப்பு. மாடியில் திருப்புநர், கூடத்தில் வாசிப்போர், இடையே செய்தி கடத்தும் மாடிப்படி நிலையாளர். திருப்புநர் பெரும்பாலும் வீட்டு மாப்பிள்ளை. வாசிப்போர் மாமனார். நிலையாளர், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். முன்பு கூடத்தில் படம் தெரிந்தது. தெளிவா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். இன்று தெரிவது எண். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் வரும்: மைனஸ் 80 என்றால் நல்ல டவர், மைனஸ் 110 என்றால் இழுபறி. மாமனார் மைனஸை வாசிப்பதில்லை.

“மாப்ளே, நூத்திப் பத்து வந்துருச்சு! அசைக்காதீங்க, அப்படியே முறுக்கிருங்க!”

தென்காசி வட்டாரத்தில் பல ஆன்டெனாக்கள் டவருக்கு முதுகு காட்டி நிற்பதற்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

அடுத்து சமயப் பிரிவுகள். எத்திசையும் ஏற்கும் ஆன்டெனாவை நம்புவோர் எல்லா டவரும் ஒன்றே என்பர். ஒருதிசை ஆன்டெனாவை நம்புவோர், தேர்ந்த டவர் ஒன்றைத் தவிர மற்றதைக் காதில் வாங்காததே கதி என்பர். மலையடிவாரத்தில் பின்னவர் பக்கம் நியாயம் கூடுதல். ஆனால் இரு சாராரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ரவுட்டரில் துளை இரண்டு, வாங்கி வருவது ஒன்று. 4ஜி இரண்டு வழியாகக் கேட்கும் ஏற்பாடு. டவரில் ஆன்டெனாக்களை 45 பாகை இடமும் வலமும் சாய்த்தே அமைத்திருக்கிறார்கள். மாடியிலும் இரண்டை அப்படியே குறுக்காகச் சாய்த்து மாட்ட வேண்டும்.

பொருத்தம் பார்க்கும் படலம் இனி. ரவுட்டரின் சிம் பக்கத் துளைக்குப் பெரும்பாலும் எஸ்எம்ஏ திருகு. வைஃபை ஆன்டெனாவுக்கு ஆர்பி-எஸ்எம்ஏ. மரை இரண்டுக்கும் ஒன்றே, ஆகவே அழகாகத் திருகிக்கொள்ளும். உள்ளேயோ ஊசி இருக்க வேண்டிய இடத்தில் இரு பக்கமும் துளை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கூடி, தம்பதி பேசிக்கொள்ளாத வீடு மாதிரி. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்பார். திருகும் முன் இரு பக்கத்தையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது. சில ரவுட்டர்களில் இதற்குப் பிறகும் செட்டிங்கில் ‘வெளி ஆன்டெனா’ என்று மாற்ற வேண்டும். மாற்றாதவரை மாடியில் நடப்பது உடற்பயிற்சி.

கடைசியாக வயர். வழக்கின் சாரமே இதுதான். மெல்லிய ஆர்ஜி-58 வயர், 2300 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் விழுங்கும். 3 டெசிபல் போனால் பாதி போச்சு. 10 போனால் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. 9 டெசிபல் ஆன்டெனாவைக் காசு கொடுத்து வாங்கி, மாடியிலிருந்து டிவி மேஜைவரை 10 மீட்டர் வயர் இறக்கியவருக்கு நிகர லாபம் மைனஸ் 1. இதையும் மாமனார் லாபமாகவே வாசிப்பார். எல்எம்ஆர்-400 என்னும் தடித்த வயரில் இழப்பு மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 டெசிபல்தான், ஆனால் அது ஜன்னல் மூலையில் வளையாது, விலையும் இறங்காது.

டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டர் இருந்தால்தான் கூடத்துக்கு அழகு என்னும் தரப்பை இவ்வாய்வு மதிக்கிறது, ஏற்கவில்லை. ரவுட்டர் போக வேண்டிய இடம் மாடிப்படி உச்சி. வெயிலும் மழையும் படாத மூலை, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். அங்கிருந்து ஆன்டெனாவுக்கு ஓரிரு மீட்டர் வயர் போதும். கீழே கூடத்துக்கு லேன் வயர் இறக்குங்கள். அது 100 மீட்டர்வரை வேகம் குறையாமல் கொண்டுவந்து சேர்க்கும்.